கம்பெனி கவுன்சிலிங் போனுக்கு மாறிவிட்டது. இனி நான் பேசுவது யார் காதுக்குப் போகும்?

வாசகி கேள்வி:

மேடம், எனக்கு 39 வயது. சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேபில் வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். போன வருஷம் ஒரு பெரிய ஆடிட் சமயத்தில் தூக்கம் போனது, நெஞ்சு படபடப்பு ஆரம்பித்தது. எங்கள் கம்பெனிக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு கவுன்சிலர் மேடம் வருவார். ஹெச்.ஆரில் சீட்டு வாங்கிக்கொண்டு போய், நாலு மாதமாக அவரிடம் பேசி வருகிறேன். பாதி சரியாகிவிட்டது. இப்போது நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் ஒட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் மேடம் வர மாட்டார். அதற்குப் பதில் வெளி ஏஜென்சி ஒன்றின் டோல்ஃப்ரீ எண்ணும் ஒரு ஆப்பும். எம்ப்ளாயி நம்பர் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். வருஷத்துக்கு ஆறு முறை பேசலாம், குடும்பத்தாரும் பேசலாம், ஹெச்.ஆர். சீட்டு வேண்டாம் என்று போட்டிருக்கிறது. எம்ப்ளாயி நம்பர் போட்டாலே யார் என்று தெரிந்துவிடாதா? ஜூலையில் எனக்கு புரமோஷன் பேச்சு இருக்கிறது. மேடம் எழுதி வைத்ததெல்லாம் எங்கே போகும்? முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டுமா? வீட்டில் இரண்டு ரூம்தான், மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது? நான் கவுன்சிலிங் போவது என் கணவருக்கே தெரியாது. பேசாமல் இதோடு விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடாதீர்கள். பாதி சரியான நிலையில் நிறுத்திவிட்டால், அடுத்த ஆடிட் வரும்போது அதே படபடப்பு திரும்ப வர வாய்ப்பு அதிகம். கம்பெனிகளில் கவுன்சிலிங் ஏற்பாடு மாறும்போது ஆட்கள் நின்றுபோவதற்குப் புது ஏற்பாடு மோசம் என்பது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. பழையது முடிந்து புதியது பழகுவதற்குள் வரும் சில வாரங்களில்தான் நின்றுபோகிறார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, மறுபடி தூக்கம் கெட்ட பிறகு வருவார்கள். அந்த வாரங்களை நீங்கள் எப்படிக் கடப்பது என்பதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியம். ஆனால் எம்ப்ளாயி நம்பர் பயம் தீராமல் வேறு எதுவும் உங்கள் காதில் ஏறாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏஜென்சிக்குப் பணம் கட்டுவது உங்கள் கம்பெனி. கூப்பிடுகிறவர் அந்தக் கம்பெனி ஆள்தானா என்று ஏஜென்சி ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காகக் கம்பெனி எம்ப்ளாயி நம்பர் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவைக்கும். நீங்கள் நம்பர் போட்டதும் ஆப் அதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளும். "இன்னார் உள்ளே வந்திருக்கிறார்" என்று ஹெச்.ஆருக்குச் சொல்ல இதில் அவசியமே கிடையாது. ஒழுங்கான ஒப்பந்தத்தில் கம்பெனிக்குப் போவது மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு தொகுப்பு அறிக்கை மட்டும்தான்: எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை அமர்வு நடந்தது, குடும்பப் பிரச்சினை எவ்வளவு, வேலை அழுத்தம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்கிற மாதிரி. பெயர் இருக்காது.

ஆனால் பெயர் இல்லாததாலேயே ஆள் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆயிரம் பேர் உள்ள ஆலையில் "பெண்கள், வேலை அழுத்தம், 7 பேர்" என்று வந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் லேபில் இருப்பது பதினைந்து பேர், அதில் பெண்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "க்யூ.சி., பெண், 1" என்று ஒரு வரி வந்தால் போதும், மேனேஜருக்குப் புரிந்துவிடும். அதனால் அறிக்கையில் துறைவாரியாகப் பிரித்துக் காட்டுவார்களா, குறைந்தது எத்தனை பேர் இருந்தால்தான் ஒரு பிரிவைத் தனியாகக் காட்டுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்சி அனுப்பும் பில்லில் எம்ப்ளாயி நம்பர் இருக்குமா என்பதையும் கேளுங்கள். அறிக்கையில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பில்லில் நம்பரோடு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் மேசையில் கொண்டுபோய் வைப்பதும் நடக்கக்கூடியதுதான்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சொந்த மொபைல் நம்பர், சொந்த மெயில் இரண்டையும் வைத்துப் பதிவு செய்யுங்கள். கம்பெனி கொடுத்த சிம்மும் கம்பெனி வைஃபையும் வேண்டாம். ஆப் உங்கள் காண்டாக்ட்ஸ், லொகேஷன் என்று அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். கவுன்சிலிங்குக்கு அது தேவையில்லை. மைக் மட்டும் போதும், வீடியோவில் பேசுவதானால் கேமராவும்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் நம்பியிருந்த பழைய ஏற்பாட்டில்தான் ரகசியம் குறைவாக இருந்தது. வியாழக்கிழமை யார் ஹெச்.ஆரில் சீட்டு வாங்கினார்கள், எந்த நேரத்தில் லேபை விட்டு எழுந்து போனார்கள், எந்த அறைக் கதவைத் தட்டினார்கள் என்று பார்க்க நினைத்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்க முடியும். அந்த மேடத்தை நீங்கள் நம்பினீர்கள், அதனால் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை உங்களுக்கு உறுத்தவில்லை. சீட்டு வாங்கும் வேலை போனது உண்மையிலேயே பெரிய நன்மை. மேற்கு நாடுகளில் இந்த மாதிரித் தொழிலாளர் உதவித் திட்டங்கள் 1940-களில் குடிப்பழக்கம் உள்ள தொழிலாளர்களை மேலதிகாரி அனுப்பிவைக்கிற ஏற்பாடாகத்தான் பரவின. யாரோ பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்புகிற அந்த வாசனை இன்னும் பல இடங்களில் போகவில்லை. நீங்களே நேராகக் கூப்பிடலாம் என்பது அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட நிலை. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைப்பது அவருடைய உரிமை, சிகிச்சை தருபவரின் கடமை என்கிறது. 24-வது பிரிவு, கணினியிலும் இணையத்திலும் சேமித்து வைக்கும் விவரங்களுக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆப்பில் உள்ளதும் அதில் அடங்கும். ஆனால் அந்தச் சட்டம் 'மனநோய்' என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது, 'மனநல நிபுணர்' என்பதற்கும் ஒன்று வைத்திருக்கிறது. ஆடிட் நேரப் படபடப்புக்காக எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்த ஒரு கவுன்சிலரிடம் பேசும்போது, இரண்டு வரையறைக்குள்ளும் வராது என்று யாராவது வாதாட இடமிருக்கிறது. அதனால் சட்டம் இருக்கிறதே என்று மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கம்பெனியும் ஏஜென்சியும் எழுத்தில் கொடுக்கும் உறுதிதான் உங்களுக்குக் கைமேல் இருக்கும் பாதுகாப்பு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது; அது படிப்படியாக அமலுக்கு வருகிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கும் உரிமையை அது தருகிறது.

ரகசியத்துக்கும் விலக்கு உண்டு. அதையும் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று கவுன்சிலருக்குத் தோன்றினால், காப்பாற்றத் தேவையான அளவுக்கு அவர் வெளியே சொல்லலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் கொடுத்தாக வேண்டும். நல்ல கவுன்சிலர் முதல் அமர்விலேயே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு விஷயங்கள். ஒன்று, மேனேஜரே "நீ போய்ப் பேசிவிட்டு வா" என்று அனுப்புவது. அதில் வந்தாரா வரவில்லையா என்ற தகவலாவது கம்பெனிக்குத் திரும்பப் போகும். அதற்கென்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். "எல்லா விவரங்களையும் பகிரச் சம்மதம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "வந்தாரா என்பதை மட்டும்" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆலை டாக்டரின் உடல்தகுதிப் பரிசோதனை. அதன் வேலையே கம்பெனிக்குப் பதில் சொல்வதுதான். கவுன்சிலரிடம் சொன்னதையெல்லாம் அங்கே திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட ஆரம்பித்தால், அமிலமும் சால்வென்ட்டும் கையாளுகிற வேலை என்பதால் உங்கள் பாதுகாப்புக்காகவே அதை மட்டும் ஆலை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இத்தனை கேள்வியையும் யார் போய்க் கேட்பது? கேட்டாலே "இவளுக்கு எதற்கு இந்த அக்கறை" என்று நினைப்பார்களே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான பயம்தான். தனியாகக் கேட்க வேண்டாம். அந்த டோல்ஃப்ரீ எண்ணைக் கூப்பிட்டு, பெயரும் நம்பரும் சொல்லாமல், "பதிவு செய்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும்" என்று கேட்கலாம். அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும். கம்பெனியிடம் கேட்பதற்குத் தொழிலாளர் குழுவோ சங்கமோ இருந்தால் அவர்கள் வழியாகப் போங்கள். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் என்று ஒருவர் உண்டு. உங்கள் ஆலையில் இருந்தால் அவரிடம் கொடுக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து இப்படி எழுதினால் போதும்:

"ஏப்ரல் 1 முதல் வரும் கவுன்சிலிங் சேவை பற்றிச் சில விளக்கங்களை நோட்டீஸ் போர்டில் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். யார் பதிவு செய்தார்கள் என்பதைக் கம்பெனியில் யாராவது பார்க்க முடியுமா? ஏஜென்சி தரும் அறிக்கையிலும் பில்லிலும் என்னென்ன இருக்கும்? இதுவரை வந்த கவுன்சிலரின் குறிப்புகள் இனி யாரிடம் இருக்கும்? தற்போது அவரிடம் பேசி வருபவர்களுக்கு நிறைவு அமர்வு ஒன்று கிடைக்குமா? ஆறு அமர்வு என்பது ஒரு ஆளுக்கா, ஒரு குடும்பத்துக்கா? ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இந்தச் சேவை உண்டா?"

புரமோஷன் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. கவுன்சிலிங் போனதற்காக ஒருவரை ஒதுக்கினால் அது அநியாயம். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மூன்று மாதம் தூங்காமல், ரிசல்ட் ஷீட்டில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டுக்கொண்டு ஜூலைக்குப் போவதுதான் உங்கள் புரமோஷனுக்கு உண்மையான ஆபத்து.

இனி உங்கள் மேடம். அவர் வரும் கடைசி வியாழக்கிழமைக்குள் ஒரு முழு அமர்வை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அதை அழுது விடைபெறும் அமர்வாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும், அது தப்பில்லை. ஆனால் அதில் ஒரு வேலை நடக்க வேண்டும். அவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். பிரச்சினை எப்போது, எதிலிருந்து ஆரம்பித்தது, உடம்பில் என்ன செய்தது, எது உதவியது, எது உதவவில்லை, இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள், இன்னும் பேச வேண்டியது என்ன. உதாரணமாக, மூச்சுப் பயிற்சி உங்களுக்குப் பலன் தந்ததா, அல்லது மூச்சைக் கவனிக்கக் கவனிக்கப் படபடப்பு கூடியதா? சிலருக்கு அப்படிக் கூடும். இதைப் புது ஆளிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவருடைய இரண்டு அமர்வு மிச்சம். அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கட்டும். ஹெச்.ஆர். வழியாகப் போகக் கூடாது, மேடம் ஏஜென்சிக்கு நேராக அனுப்பவும் வேண்டாம். யாரிடம் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பது உங்கள் விருப்பம். இந்தக் காகிதம் இருந்தால் "முதலிலிருந்து எல்லாவற்றையும்" நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எழுதி வைத்த நோட்டைப் பற்றி அவரிடமே கேளுங்கள்: "மேடம், என் குறிப்பு இனிமேல் யாரிடம் இருக்கும்? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? கம்பெனி பீரோவில் ஏதாவது இருக்கிறதா?" மூன்றாவது கேள்வி முக்கியம். கவுன்சிலர் தன் டைரியைப் பத்திரமாக வைத்திருப்பார். வருகைப் பதிவேடு மட்டும் அந்த அறையின் மேசை டிராயரில் கிடக்கும். அறையைக் காலி செய்கிற நாளில் அது ஹெச்.ஆர். அலமாரிக்குப் போய்விடும். அதை அவர் எடுத்துக்கொள்ளவோ கிழித்துப் போடவோ இப்போதே சொல்லிவையுங்கள். அவர் தனியாகப் பார்க்கும் கிளினிக் இருந்தால் அங்கே தொடர முடியுமா, எவ்வளவு கட்டணம் என்றும் கேளுங்கள். கம்பெனியோடு அவருக்குள்ள ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கலாம். கேட்பதில் குற்றமில்லை.

ஆறு அமர்வு போதுமா என்றால், உங்கள் விஷயத்துக்குப் போதலாம். குறிப்பிட்ட ஒரு பயம், குறிப்பிட்ட ஒரு சூழ்நிலை, பாதி வழி ஏற்கெனவே வந்தாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து தொடரும் காயத்துக்கோ குடியிலிருந்து மீள்வதற்கோ ஆறு போதாது. முதல் அமர்விலேயே, "எனக்கு ஆறுதான் இருக்கிறது, இதில் எதை முடிப்போம், முடியாததற்கு எங்கே அனுப்புவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். வாரம் ஒன்றாக ஒன்றரை மாதத்தில் தீர்த்துவிடவும் வேண்டாம். நாலை நெருக்கமாக வைத்துக்கொண்டு, இரண்டை அடுத்த ஆடிட்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அதே ஆள் பேச வேண்டும். கால் சென்டர் மாதிரி தினம் ஒரு குரல் வந்தால் ஆறு அமர்வும் முதல் அமர்வாகவே போய்விடும். "எனக்கு இவரே வேண்டும், தமிழில் பேசுபவர் வேண்டும், பெண் வேண்டும்" என்று தயங்காமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. கவுன்சிலர் போனில் மாத்திரை பெயர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆப் முதலில் உங்களைச் சில கேள்விகள் கேட்கலாம். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வி, பதற்றத்துக்கு ஏழு கேள்வி என்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ள படிவங்கள் அவை. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும். மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதை மட்டும் வைத்து நோய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. ஒன்பதில் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. அதற்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆம் என்றால் அவர்களே உங்களைக் கூப்பிடலாம், கூப்பிடவும் வேண்டும்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்ற உங்கள் கேள்வியைப் பல கம்பெனிகள் யோசிப்பதே இல்லை. போன் கொடுத்துவிட்டோம், இனி எங்கிருந்தும் பேசலாம் என்கிறார்கள். மஞ்சக்குப்பத்து இரண்டு ரூம் வீட்டில் கதவைச் சாத்தினால் "என்ன ஆச்சு" என்று மாமியார் கேட்பார். கம்பெனி பஸ்ஸில் கன்னியக்கோயில் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்குக் கதை தெரிந்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரை கேட்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் காற்றில் எதிர்முனைக்கு ஒன்றும் கேட்காது.

என்னிடம் போனில் பேசும் ஒரு பெண் மொட்டை மாடித் துணிக்கல்லில் உட்கார்ந்துதான் பேசுவார். காதில் இயர்போன், மடியில் காயப்போட்ட துணி மூட்டை. மடித்துக்கொண்டே பேசுவார். யாராவது படியேறி வந்தால், "சாம்பாருக்குப் புளி ஊற வச்சுட்டேன்" என்பார். அது எங்களுக்குள் இருக்கும் குறிச்சொல். அதன்பிறகு நான் மட்டும் பேசுவேன், அவர் "ம்" போடுவார். ஆள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். உங்கள் புது கவுன்சிலரோடு இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் எழுத்திலேயே உரையாடும் வசதி இருந்தால், பேச முடியாத நாளில் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் முழுக்க அதை நம்ப வேண்டாம். தட்டச்சு செய்யும்போது நாம் வார்த்தையைத் திருத்தித் திருத்தி எழுதுவோம். குரல் உடைவது அதில் தெரியாது.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி உங்கள் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. மேடம் உட்கார்ந்திருந்த அந்த அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிவிடாமல், யார் வேண்டுமானாலும் போய்ப் போன் பேசும் அறையாக விடச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக்குப் பேசுபவரும் பிள்ளையின் ஸ்கூலுக்குப் பேசுபவரும் அதே அறைக்குப் போனால், நீங்கள் போவதை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். கூடவே, ஷிப்ட் நேரத்தில் 50 நிமிடம் எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முன்பு வியாழக்கிழமை வேலை நேரத்திலேயே உங்களால் போக முடிந்தது. அந்த நேரத்தைச் சத்தமில்லாமல் உங்கள் வீட்டு நேரத்துக்குத் தள்ளிவிடக் கூடாது.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் முடிவு. சொல்லாமல் இருப்பது துரோகம் ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்தாரும் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? சில ஏஜென்சிகள் குடும்பத்தார் நம்பரைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு வரவேற்பு மெசேஜ் அனுப்பும். பதிவு செய்யும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். உங்கள் போன் திரையில் மெசேஜ் எட்டிப் பார்க்காமல் இருக்க நோட்டிஃபிகேஷனை நிறுத்தி வையுங்கள். அவரே ஒருநாள் கேட்டால், "ஆடிட் டென்ஷன் தாங்கல, கம்பெனியில ஒருத்தர்கிட்ட பேசுறேன், தூக்கம் பரவாயில்ல" என்று மூன்று வரியில் சொல்லலாம். அதுவே உண்மை, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போனில் பேசுவது நேரில் பேசுவதற்கு ஈடாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 2020 கொரோனா நேரத்தில் நாங்கள் எல்லோரும் வேறு வழியில்லாமல்தான் போனுக்கும் வீடியோவுக்கும் வந்தோம். அந்த மார்ச்சில்தான் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு வீடியோவில் செய்யும் சிகிச்சை நேரில் செய்வதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என் அனுபவமும் பெரும்பாலும் அதுதான். சிலருக்கு மட்டும் எதிரே ஒரு முகம் இல்லாமல் வாய் திறக்காது. நீங்கள் அப்படி என்றால் இரண்டு அமர்வு பார்த்துவிட்டு, நேரில் பார்க்கக் கேளுங்கள். அவர்களிடம் வழி இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது கம்பெனிக்குத் தெரிய எந்த வழியும் இல்லை.

ஏற்பாடு மாறும் இந்த வாரங்களில் ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416. டெலி-மனஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எம்ப்ளாயி நம்பரும் வேண்டாம், ஆறு என்ற கணக்கும் கிடையாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அமர்வு மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே அதைக் கூப்பிடுங்கள், கணவரையும் எழுப்புங்கள்.

அப்புறம், தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 39 வயதில், ரத்தசோகையோ தைராய்டு அதிகமாகச் சுரப்பதோ இருந்தால் இதே படபடப்பு வரும். கவுன்சிலிங் எவ்வளவு செய்தாலும் அது அடங்காது.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பேக்கிங் செக்ஷனில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்கள் இருப்பார்கள். எம்ப்ளாயி நம்பர் கேட்கும் ஆப், கம்பெனி ரோலில் இல்லாதவர்களைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். வியாழக்கிழமை மேடம் இருந்தவரை, சீட்டு இல்லாவிட்டாலும் கதவைத் தட்டி "ஒரு நிமிஷம் மேடம்" என்று கேட்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் அந்தக் கடைசிக் கேள்வியைச் சேர்த்தேன். கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டாலும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. மனநலச் சிகிச்சையும் அதில் அடங்கும். கடுமையான மனநோய்கள் சிலவற்றுக்கு நீண்ட நாள் விடுப்பும், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியும் கிடைக்கும். இது அவர்களில் பலருக்குத் தெரியாது. லேபுக்கு சாம்பிள் கொண்டுவரும் பெண்ணிடம் 14416 என்ற எண்ணையும் இ.எஸ்.ஐ. விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார்.